வாங்கிய புறாவும் வளர்த்த புறாவும்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் வாலிபர் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு தம்பி என்னிடம் வந்து நின்றான். முகம் வாடியிருந்தது. "ஐயா, ஒரு காரியம் சொன்னால் சிரிக்கக் கூடாது" என்றான். சிரிக்கமாட்டேன் என்றேன். இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து, பந்தயங்களில் பெயர் வாங்கிய ஆறு புறாக்களைச் சென்னையிலிருந்து வாங்கி வந்திருக்கிறான். தஞ்சாவூரில் தன் வீட்டு மொட்டை மாடியில் புதுக் கூண்டு கட்டி, நல்ல தீனி போட்டு, இருபது நாள் வைத்திருந்திருக்கிறான். இனி நம் வீடு பழகியிருக்கும் என்று நம்பி, ஒரு சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்துவிட்டான். ஆறும் எழும்பி இரண்டு சுற்றுச் சுற்றின. மூன்றாம் சுற்றில் வடக்கே திரும்பின. இருட்டும்வரை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு மாடியில் நின்றானாம். மாலையில் விற்றவரிடமிருந்து தொலைபேசி வந்தது. நான்கு புறாக்கள் அவருடைய கூண்டுக்கே வந்து சேர்ந்துவிட்டன. மற்ற இரண்டைப் பற்றித் தகவல் இல்லை.

"நல்ல புறாவாகத்தானே பார்த்து வாங்கினேன், ஐயா. தப்பு எங்கே நடந்தது?" என்று கேட்டான்.

"நல்ல புறாவாக இருந்ததால்தான் தம்பி, போய்விட்டது" என்றேன். அப்போதைக்கு வாயில் வந்த பதில் அது. வீட்டுக்குப் போனபின் அந்தப் பதில் என்னை விடவில்லை. புறா வளர்ப்போரிடம் போய்ப் பேசினேன். அவர்களுடைய மாடிகளில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த வாரம் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். புறா வளர்க்காதவர்களும் பொறுமையாக வாசியுங்கள். பந்தயப் புறாக் கூட்டத்தை விலைக்கு வாங்க முடியாது, வளர்க்கத்தான் முடியும் என்பதே நான் சொல்லவருவது. அதை வளர்க்கத் தேவையான பொறுமை எத்தகையது என்பதை நம்மில் பலர், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், சரியாக அறிந்திருக்கவில்லை.

சோழநாட்டு மண்ணுக்குப் புறா புதிய பறவை அன்று. வேடனுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் சதையை அறுத்துத் தந்த சிபியின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சோழ மன்னர்கள் பெருமை கொண்டார்கள். செம்பியன் என்ற பட்டப்பெயர் அந்தக் கதையை ஒட்டி வந்தது. நாம் வாசிக்கும் வேதத்திலும் புறா முதலிலேயே வந்துவிடுகிறது. ஆதியாகமம் எட்டாம் அதிகாரத்தில் நோவா பேழையின் ஜன்னலைத் திறந்து புறாவை அனுப்புகிறார். அந்தக் காட்சிக்குப் பிறகு வருகிறேன்.

பந்தயத்துக்குரிய ஹோமர் புறா 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்ட இனம். தொலைதூரத்தில் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பிவரும் பறவைகளை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து உண்டாக்கினார்கள். நம் மாநிலத்தில் இதற்குப் பேர்போன இடம் சென்னை. அதிலும் வடசென்னையின் மொட்டை மாடிகள். 2015-இல் வந்த 'மாரி' திரைப்படத்தால் பலருக்கு இது தெரியவந்தது. அங்கே இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. மழைக்காலம் ஓய்ந்து கோடை கடுமையாகும் முன், பறவைகளைக் கூடைகளில் வடக்கே கொண்டுபோய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் விடுகிறார்கள். அவை ஆந்திர தேசம் தாண்டித் தங்கள் மாடியைத் தேடி வருகின்றன.

இனி விலை விஷயத்துக்கு வருவோம். 2020 நவம்பரில் பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஏலத்தில் 'நியூ கிம்' என்ற இரண்டு வயதுப் பெட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு விற்பனையாயிற்று. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 14 கோடி ரூபாய். வாங்கியவர் சீன தேசத்தவர். அதற்கு முந்தைய ஆண்டு 'அர்மாண்டோ' என்ற ஆண் புறா 12.5 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. இத்தனை கோடி கொடுத்து வாங்கியவர் அந்தப் புறாவை வானத்தில் பறக்கவிட்டு மகிழலாம் அல்லவா என்று நினைப்பீர்கள். அது முடியாது. கதவைத் திறந்தால் அது பிறந்த கூண்டை நோக்கிப் போய்விடும். ஆகவே இப்படி வாங்கிய புறாவைப் பெரும்பாலும் கூண்டுக்குள்ளேயே இருத்தி, அது ஈன்றெடுக்கும் குஞ்சுகளைத்தான் பறக்கவிடுகிறார்கள். பதினான்கு கோடி ரூபாய் கொடுத்தவரும் கடைசியில் ஒரு முட்டைக்காகத்தான் காத்திருக்கிறார். அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு, அவர் வீடுதான் வீடு. நம் தம்பிக்கும் அந்தச் செல்வந்தருக்கும் இந்த ஒரு காரியத்தில் வித்தியாசம் இல்லை.

அந்தக் காத்திருப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ஜோடி சேர்ந்தபின் பெட்டை இரண்டு முட்டை இடுகிறது. பகலின் நடுப்பொழுதில் ஆணும், மாலை தொடங்கி மறுநாள் காலைவரை பெட்டையுமாக மாறிமாறி அடைகாக்கின்றன. பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு வருகிறது. முதல் சில நாட்களுக்கு அதற்குத் தானியம் ஆகாது. பெற்றோரின் தொண்டைப் பையில் சுரக்கும் புறாப்பாலே உணவு. தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் அந்தப் பால் சுரக்கிறது என்பதைக் கேட்டபோது நான் சிருஷ்டிகரை வியந்து துதித்தேன். ஒரு வாரம் ஆகும்போது குஞ்சின் காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டுகிறார்கள். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் கால் பருத்து வளையம் ஏறாது. அவசரப்பட்டு முன்னதாகப் போட்டால் நழுவி விழுந்துவிடும். நான்கு வாரத்தில் குஞ்சு தானாகத் தின்னப் பழகுகிறது.

அதன்பின் தொடங்குவதுதான் வீடு பழக்குதல். கூண்டின் மேல் ஒரு கம்பிக் கூடு வைத்து, அதற்குள் குஞ்சுகளை உட்காரவைக்கிறார்கள். அவை சுற்றுமுற்றும் பார்க்கின்றன. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எதிரே நிற்கும் தென்னை, தொலைவில் கோபுரம், சூரியன் எழும்பும் திசை எல்லாம் அவற்றின் மனத்தில் பதிகின்றன. தீனி போடும்போதெல்லாம் ஒரே விதமாக விசிலடிக்கிறார்கள், அல்லது டப்பாவைத் தட்டுகிறார்கள். அந்த ஓசை கேட்டால் உணவு உண்டு என்பது குஞ்சுக்குத் தெரியவேண்டும். ஓசை ஒருநாளும் பொய்யாகக் கூடாது. கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை, பயறு என்று கலந்த தானியம், ஒரு புறாவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம். கொட்டிக் குவித்தால் பறவை கூப்பிட்டும் வராது. பட்டினி போட்டால் பறக்கப் பலம் இராது. இந்த அளவைக் கண்டுபிடிக்கவே புதியவருக்கு ஒரு பருவம் ஆகிவிடுகிறது.

மூன்று நான்கு மாதம் ஆனபின்புதான் வெளியூர்ப் பயிற்சி. தஞ்சாவூரிலிருந்து சிதம்பரம் போகும் பழைய மெயின் லைன் ரயில் பாதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு மூன்று கிலோமீட்டர். ஊர் எல்லையில் ஒரு வயல்வரப்பு போதும். பலமுறை அங்கிருந்து திரும்பிவந்தபின் அய்யம்பேட்டை. பிறகு பாபநாசம். கும்பகோணம் பறவைக்கு நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மயிலாடுதுறை அதைப்போல் இருமடங்கு. சிதம்பரம் ஏறக்குறைய தொண்ணூறு. ஒவ்வோர் ஊரிலிருந்தும் சில முறையாவது தெளிவான வானத்தில் விட்டு, எல்லாம் நேராக வந்து சேர்ந்தபின்புதான் அடுத்த ஊர். மேகமூட்டம் என்றால் கூடையைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். இரு சக்கர வாகனத்தில் நாற்பது கிலோமீட்டர் போய், வானத்தைப் பார்த்துவிட்டு, கூடையைத் திறக்காமலே திரும்பிவருகிற மனிதனை அக்கம்பக்கத்தார் பைத்தியக்காரன் என்பார்கள். புறா வளர்ப்பில் அவனே தேறுகிறான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வழியை வளர்ப்பவன் கற்றுக்கொடுப்பதில்லை. அவனுக்கே அது தெரியாது. சூரியனின் நிலை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் ஆகியவற்றைக் கொண்டு புறா திசையறிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பழகிய பகுதிக்கு வந்தபின் நெடுஞ்சாலைகளைப் பின்பற்றி, சாலை திரும்பும் இடத்தில் தானும் திரும்பும் புறாக்களை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 2004-இல் பதிவுசெய்தார்கள். திறமை பறவைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பவன் செய்யக்கூடியது, திரும்பி வருவதற்குத் தகுதியான ஓர் இடத்தை உண்டாக்குவதும், அந்தத் திறமை முற்றுவதற்குக் காலம் கொடுப்பதும்தான். அதைச் செய்யாமல் மூன்றாம் மாதக் குஞ்சை நேரே சிதம்பரத்தில் விடுகிறவன், அதன் திறமையைச் சோதிக்கவில்லை, அதைத் தொலைக்கிறான்.

டெல்டாக்காரர்களாகிய நமக்கு இது புரியாத காரியம் அன்று. குறுவைக்குப் போடும் ஆடுதுறை 43 நெல் 110 நாளில் அறுவடைக்கு வரும். சம்பாவுக்குப் போடும் சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் கேட்கும். எவ்வளவு உரம் போட்டாலும் அதை 110 நாளில் அறுக்க முடியாது. அறுத்தால் கிடைப்பது வைக்கோல். யாக்கோபு தம் நிருபத்தில், மழைகளுக்காகக் காத்திருக்கும் பயிர்செய்கிறவனை நீடிய பொறுமைக்கு உதாரணமாக நிறுத்துகிறார். அந்தப் பயிர்செய்கிறவன் காத்திருக்கும் நாளில் சும்மா இருக்கிறானா? வரப்பு வெட்டுகிறான், களை எடுக்கிறான், மடை பார்க்க நடுச்சாமத்தில் எழுந்து போகிறான். விளைச்சலை அவன் உண்டாக்குவதில்லை. அது வருவதற்குத் தடையாயிருப்பதையெல்லாம் நாள்தோறும் அகற்றுகிறான். புறா வளர்ப்பவன் விடியற்காலையில் கூண்டைச் சுரண்டிக் கழுவுவதும், தண்ணீர் மாற்றுவதும், மரநாய் நுழையும் சந்தை அடைப்பதும் அதே வேலைதான். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் கைகட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரை நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு.

ஒரு கூட்டம் உருவாக எத்தனை காலம் ஆகும் என்று அனுபவமுள்ள ஒரு பெரியவரிடம் கேட்டேன். நான்கு நல்ல ஜோடிகளோடு தொடங்கு, முதல் ஆண்டு பரிசை நினைக்காதே என்றார். முதல் ஆண்டுக் குஞ்சுகளுக்குக் குறுந்தூரம். இரண்டாம் ஆண்டு நடுத்தரத் தூரம். மூன்றாம் ஆண்டுதான் நெடுந்தூரம். இறகு உதிரும் பருவத்தில் ஓய்வு. சிறகின் பத்து முதன்மை இறகுகளும் ஒவ்வொன்றாய் உதிர்ந்து முளைக்கும் காலம் அது. அப்போது நெடுந்தூரம் அனுப்பினால் பறவை உடைந்துபோகும். ஒவ்வொரு பறவைக்கும் வளைய எண், தாய் தகப்பன், விட்ட இடம், வானிலை, வந்த நேரம் என்று நோட்டில் எழுதிவைக்கவேண்டும். நான்காம் ஐந்தாம் ஆண்டில் அந்த நோட்டைப் புரட்டினால், எந்த ஜோடியின் குஞ்சுகள் வெயிலைத் தாங்குகின்றன, எவை எதிர்காற்றில் தளர்கின்றன என்று தெரியும். "அப்போதுதான் ஐயா, என்னிடம் கூட்டம் இருக்கிறது என்று சொல்லலாம். அதுவரை புறாக்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்" என்றார்.

இனி என்னைக் குத்திய காரியத்துக்கு வருகிறேன். பந்தயத்தில் முதலில் வந்த புறா வென்றது என்று நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. ஒவ்வொரு வீடும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால், தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வேகம் பார்க்கிறார்கள். ஒரு புறா 100 கிலோமீட்டரை 80 நிமிடத்தில் கடந்தால் நிமிடத்துக்கு 1250 மீட்டர். இன்னொன்று 104 கிலோமீட்டரை 82 நிமிடத்தில் கடந்தால் 1268 மீட்டர். இரண்டு நிமிடம் பிந்தி வந்ததே வென்றது. ஆனால் வீட்டுக்கு மேல் வந்துவிட்டால் மட்டும் நேரம் நிற்காது. பறவை உள்ளே நுழைந்து, அதன் காலில் உள்ள அடையாளம் கடிகாரத்தில் பதிவாகவேண்டும். நூறு கிலோமீட்டர் பறந்துவந்த புறா, தன் வீட்டுக் கூரையில் இறங்கி, உள்ளே வராமல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அதோடு பந்தயம் போயிற்று.

ஏன் வராமல் உட்காருகிறது? முன்பு ஒருநாள் தாமதித்து வந்தபோது, வளர்ப்பவன் கோபத்தில் அதைக் கல்லெறிந்து விரட்டியிருப்பான்; அல்லது நுழைந்தவுடன் முரட்டுத்தனமாய்ப் பிடித்திருப்பான். பறவை அதை மறப்பதில்லை. ஆகவே தேர்ந்த வளர்ப்பாளர்களிடம் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. பிந்தி வந்த புறாவைக் கடிந்துகொள்வதில்லை. இருட்டிய பின் வந்தாலும், மறுநாள் வந்தாலும், அதே விசில், அதே கைத் தானியம். இப்போது நோவாவின் புறாவை நினையுங்கள். முதன்முறை அது ஒன்றும் கொண்டுவராமல், கால் வைக்க இடமின்றித் திரும்பியது. நோவா தம் கையை நீட்டி அதைப் பிடித்துத் தம்மிடத்தில் பேழைக்குள் சேர்த்துக்கொண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. ஏழு நாள் பொறுத்தபின் மீண்டும் அனுப்பினார். ஒலிவ இலை இரண்டாம் முறைதான் வந்தது. வெறுங்கையாய் வந்த முதல் நாளில் அந்தக் கை நீளாதிருந்தால் இலை வந்திருக்குமா என்று நான் யோசிக்கிறேன்.

பிரியமானவர்களே, நான் ஓர் அறிக்கை செய்யவேண்டும். முன்பு வேறோர் ஊரில் ஊழியம் செய்தபோது, ஒரு வாலிபன் புதிதாகச் சபைக்கு வந்தான். நன்றாகப் பாடுவான், நன்றாகப் பேசுவான். எனக்கு மிகுந்த சந்தோஷம். மூன்றாம் மாதமே வாலிபர் கூட்டத்தின் பொறுப்பு முழுவதையும் அவன் தோளில் வைத்தேன். அவனுக்கு அங்கே இன்னும் ஒரு நண்பன்கூட அமையவில்லை. சபை அவனுக்கு வீடாகவில்லை. அதை நான் பார்க்கவில்லை. அவனுடைய திறமையை மாத்திரம் பார்த்தேன். ஆறு மாதத்தில் தளர்ந்து, வருவதை நிறுத்திவிட்டான். அதுவாவது போகட்டும். அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஆலய வாசலில் வந்து நின்றான். நான் அவனைப் பார்த்து, "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?" என்று, பத்துப்பேர் கேட்க உரத்துக் கேட்டேன். வேடிக்கைபோலத்தான் கேட்டேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவன் சிரித்தான், உள்ளே வரவில்லை. அதன்பின் ஒருபோதும் வரவில்லை. தூரத்தையெல்லாம் கடந்து கூரையில் வந்து இறங்கிய பறவையை நான் விரட்டினேன். மாடியில் உட்கார்ந்து அந்தப் பெரியவர் புறாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது.

சிலர் இதை மறுப்பீர்கள். இரண்டு மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். ஒன்று, புறாப் பந்தயம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, பணம் கட்டிச் சூதாடுகிறார்கள், ஊழியக்காரர் இதைப் போய் எழுதலாமா என்பது. பணம் கட்டி ஆடுவதை நான் ஆதரிக்கவில்லை. அது எந்த விளையாட்டில் நுழைந்தாலும் அதைக் கெடுக்கும். பந்தயத்துக்கு உதவாது என்று தெரிந்ததும் பறவையைத் தெருவில் விட்டுவிடுகிற வழக்கத்தையும் நான் வெறுக்கிறேன். வளர்க்கத் தொடங்கினவன் தோற்ற புறாவுக்கும் தீனி போடக் கடமைப்பட்டவன். ஆனால் சூது அவசரத்தின் பிள்ளை. விடியற்காலையில் எழுந்து கூண்டு கழுவுகிற பையன் கற்றுக்கொள்வது அதற்கு நேர்மாறானது. அவனைத் திட்டி அந்தக் கூண்டை உடைப்பதைவிட, அதை ஒழுங்காய் வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெரியவரிடம் அவனைச் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது மறுப்பு கனமானது. எவ்வளவு பொறுமையாய் வளர்த்தாலும் சில புறாக்கள் திரும்புவதில்லையே. அப்படியானால் பொறுமையால் என்ன பயன் என்பது. உண்மைதான். கார்த்திகை மார்கழியில் வலசை வரும் பைரி வானத்திலிருந்து கல்லைப்போல விழுந்து புறாவை அடித்துக்கொண்டு போகும். மின்கம்பி உண்டு, வலை உண்டு, திடீர் மழை உண்டு. பொறுமை இழப்பைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நம் அவசரத்தால் நேரும் இழப்பையாவது அது தடுக்கும். பைரி கொண்டுபோன புறாவுக்காக வருந்துவது வேறு. பழகாத குஞ்சை நெடுந்தூரத்தில் விட்டுத் தொலைத்துவிட்டு, விதி என்று சொல்லிக்கொள்வது வேறு. பின்னதற்கு நாம் கணக்குக் கொடுக்கவேண்டியிருக்கும்.

பொறுமையாய் வளர்த்ததன் பயன் எந்த நாளில் தெரியவரும் என்பதற்கு நம் தேசத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1946-இல் ராணுவம் கொடுத்த 200 புறாக்களோடு ஒரிசா காவல்துறை தூதுப் புறாப் பணியைத் தொடங்கிற்று. கம்பியில்லாத் தந்தி எட்டாத கோராபுட் மலைப்பகுதியில் முதலில் அவை பறந்தன. 1948 ஏப்ரல் 13 அன்று பிரதமர் நேரு, சம்பல்பூரிலிருந்து கட்டாக்கில் உள்ள அதிகாரிகளுக்குப் பொதுக்கூட்ட ஏற்பாடு குறித்துப் புறா மூலமே செய்தி அனுப்பினார். ஓரிடத்தில் உணவும் மறு இடத்தில் இருப்பிடமும் வைத்து, இரு முனைகளுக்கும் போய்வரும்படிகூட அங்கே புறாக்களைப் பழக்கினார்கள். 1982 வெள்ளத்தில் பாங்கி நகரம் துண்டிக்கப்பட்டபோதும், 1999-இல் பெரும்புயல் அடித்துத் தொலைபேசிகள் செத்தபோதும் அந்தப் புறாக்கள் செய்தி சுமந்தன. கைபேசியும் மின்னஞ்சலும் பரவியபின் அந்தப் பணி முடிவுக்கு வந்தது. புயல் எத்தகையது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபின், தொலைபேசியும் மின்சாரமும் இல்லாமல் நம் டெல்டாக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பதை நாம் அறிவோம். புயல் அடித்த நாளில் போய்ப் புறா வாங்கிப் பயனில்லை. ஒன்றும் நடவாத சாதாரண நாட்களில் கூண்டைக் கழுவி, தானியம் போட்டு, விசிலடித்து வந்தவர்களிடம் மாத்திரமே அன்று அனுப்புவதற்குப் புறா இருந்தது.

ஆகையால் பெற்றோரே, சபை மூப்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். பறக்கவிடாத புறாவை யாரும் ஹோமர் என்று சொல்வதில்லை. அவர்கள் போவதற்கு முன்பு, அவர்கள் நினைத்துத் திரும்பும்படியான வீடாக நம் வீடு இருந்ததா? பிந்தி வந்தவனை, தோற்றுவந்தவனை, நாம் எந்தக் குரலில் வரவேற்கிறோம்? சபையில் ஆட்கள் குறைகிறார்கள் என்று, பெரிய இசைக்குழுவையும் பேர்பெற்ற பேச்சாளரையும் வரவழைத்து ஒரே நாளில் கூட்டம் சேர்க்க நினைக்கிறோம். நானும் அப்படி நினைத்தவன்தான். வந்த கூட்டம் மறுவாரம் தன் தன் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது. அந்தச் செலவில் பாதியைக்கூட நம் ஞாயிறு பள்ளியின் சிறுபிள்ளைகளுக்காக நாம் செலவிடுவதில்லை. குஞ்சுகள் அங்கேதான் இருக்கின்றன.

நம் தம்பியின் கதையையும் சொல்லி முடிக்கிறேன். அவன் மறுபடியும் சென்னைக்குப் போகவில்லை. தஞ்சாவூரிலேயே ஒருவரிடம், தானாகத் தீனி தின்னத் தொடங்கிய நான்கு குஞ்சுகளை, முந்தைய விலையில் ஒரு சிறு பங்கு கொடுத்து வாங்கினான். இரண்டு மாதம் அவற்றை மாடிக்கு மேல் மாத்திரம் பறக்கவிட்டான். பின்பு ஊர் எல்லை வயல்வரப்பிலிருந்து பலமுறை. போன மாதம் முதன்முறையாக அய்யம்பேட்டையில் கூடையைத் திறந்தான். அவன் வண்டியில் திரும்பி வருவதற்குள் இரண்டு வீட்டில் இருந்தன. மூன்றாவது மதியம் வந்தது. நான்காவது வரவில்லை.

அன்று மாலை ஜெபக் கூட்டம் முடிந்து போகும் வழியில் அவன் வீட்டுக்குப் போனேன். இருட்டிவிட்டது. மாடியில் நின்றுகொண்டிருந்தான். கூண்டு வாசலருகே ஒரு சிறு விளக்கு எரிந்தது. தட்டில் ஒரு கைப்பிடி கம்பு இருந்தது. "இனி ராத்திரி பறக்காது ஐயா. எங்கேயாவது ஒரு மரத்தில் தங்கியிருக்கும். காலையில் வந்தாலும் வரும்" என்றான். வராவிட்டால் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். வாலில் இரண்டு இறகு குறைந்து, களைத்துப்போன புறா ஒன்று அவன் உள்ளங்கையில் கம்பு தின்றுகொண்டிருந்தது.

இந்த வாரம் உங்கள் வாசலுக்கு யாராவது பிந்தி வந்தால், எங்கே போயிருந்தாய் என்று கேட்காதீர்கள். முதலில் உள்ளே அழைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். நீடிய பொறுமையுள்ள நம் தேவன் அதற்கு வேண்டிய கிருபையை உங்களுக்கும் எனக்கும் தந்தருள்வாராக. ஆமென்.